சுண்ணாம்பும் இதயத் துடிப்பும்
(சிட்னி ரிங்கர் வாழ்க்கை வரலாறு)

நுழையுமுன்

மருத்துவமனைக்குச் சென்றால், நோயாளியின் கட்டிலருகே உயரத்தில் தெளிந்த நீர்மம் நிறைந்த புட்டி ஒன்று தொங்குவதைக் காணலாம். அதிலிருந்து மெல்லிய குழாய் வழியே துளித்துளியாக நீர்மம் நோயாளியின் உடலுக்குள் இறங்கும். அவற்றுள் சில புட்டிகளின்மேல் 'ரிங்கர் லாக்டேட்' என்று அச்சிட்டிருப்பார்கள். செவிலியர்கள் சுருக்கமாக 'ஆர்.எல்.' என்பர். ரிங்கர் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பதை அறிந்தவர் சிலரே. குழாய்நீரில் மறைந்திருந்த சிறிதளவு சுண்ணாம்புச் சத்து இதயத்தை இயக்குகிறது என்று கண்டறிந்த மருத்துவர் அவர். அவருடைய வாழ்க்கையை இப்பாடத்தில் அறிவோம்.

இளமையும் கல்வியும்

இங்கிலாந்து நாட்டின் கிழக்குப் பகுதியில் நாரிச் என்னும் பழைய நகரம் உள்ளது. அந்நகரில் வணிகக் குடும்பம் ஒன்றில், ஏறத்தாழ நூற்றுத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் சிட்னி ரிங்கர் பிறந்தார். அவர் சிறுவராக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். குடும்பத்துப் பிள்ளைகள் தத்தம் உழைப்பையே நம்பி வாழ வேண்டியவர் ஆயினர்.

ரிங்கரின் உடன்பிறந்தார் பிழைப்பு நாடிக் கடல் கடந்து கீழை நாடுகளுக்குச் சென்றனர். ஒருவர் சீனாவின் சாங்காய் நகரில் வணிகம் செய்தார். பிரெடரிக் என்னும் மற்றொருவர் சப்பான் நாட்டின் நாகசாகித் துறைமுகத்தில் பெருவணிகராக விளங்கினார். அவர் வாழ்ந்த வீடு இன்றும் அந்நகரில் பாதுகாக்கப்படுகிறது. ஒரே வீட்டில் பிறந்தவர்கள் வெவ்வேறு நாடுகளில் வேர் ஊன்றினர். சிட்னி ரிங்கரோ இலண்டன் மாநகருக்கு வந்து, தம் பணிக்காலம் முழுவதையும் அங்கேயே கழித்தார்.

சமய வேறுபாடு பாராமல் மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் நோக்குடன் இலண்டனில் தொடங்கப்பட்ட கல்வி நிறுவனம் யுனிவர்சிட்டி கல்லூரி. ரிங்கர் 1854-ஆம் ஆண்டு அதில் மருத்துவ மாணவராகச் சேர்ந்தார். 1860-இல் மருத்துவப் பட்டமும், 1863-இல் உயர்பட்டமும் பெற்றார். பின்னர் அக்கல்லூரியைச் சார்ந்த மருத்துவமனையிலேயே மருத்துவராகவும், அக்கல்லூரியிலேயே பேராசிரியராகவும் பணியாற்றினார்.

மருத்துவரும் ஆசிரியரும்

ரிங்கர் காலத்தைப் பொன்னெனப் போற்றியவர். காலையில் நேரத்தோடு மருத்துவமனைக்கு வந்துவிடுவார். நோயாளிகளைப் பார்ப்பார், மாணவர்களுக்குக் கட்டிலருகே நின்று பாடம் சொல்வார். தனியே மருத்துவத் தொழிலும் செய்தார். இவற்றுக்கிடையே கிடைக்கும் சிறு சிறு இடைவேளைகளில் ஆய்வுக்கூடத்திற்கு விரைவார். முழுநேர ஆய்வாளர் ஒருவர் செய்யும் அளவு ஆய்வுகளை அவர் இந்த இடைவேளைகளிலேயே செய்து முடித்தார்.

அக்காலத்தில் பல மருந்துகள் வழக்கம் காரணமாகவே கொடுக்கப்பட்டு வந்தன. எந்த மருந்து உடலின் எந்த உறுப்பில் என்ன மாற்றத்தை உண்டாக்குகிறது என்று அளந்து பார்த்தவர் குறைவு. ரிங்கர் அப்படி அளந்து பார்க்க விரும்பினார். மருந்துகளின் பயன்பற்றி அவர் எழுதிய கையேடு 1869-இல் வெளிவந்தது. மருத்துவர்கள் அதனை விரும்பிப் படித்தமையால் அந்நூல் பதின்மூன்று பதிப்புகள் கண்டது.

இதயத்தை இயக்குவது எது?

தவளையின் இதயத்திற்கு ஒரு வியப்பான இயல்பு உண்டு. உடலிலிருந்து பிரித்தெடுத்த பின்னும் அது சிறிது நேரம் துடித்துக்கொண்டே இருக்கும். துடிப்புக்கான தூண்டல் இதயத்திற்குள்ளேயே எழுவதுதான் இதற்குக் காரணம். எனினும், பொருத்தமான நீர்மம் அதன் வழியே ஓடிக்கொண்டிருந்தால்தான் துடிப்பு நெடுநேரம் நீடிக்கும்.

குருதியில் பல பொருள்கள் கலந்துள்ளன. அவற்றுள் இதயத்தைத் துடிக்க வைப்பவை எவை? ரிங்கர் எடுத்துக்கொண்ட வினா இதுவே. விடை காண அவர் கையாண்ட முறை எளியது. குருதியில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாகத் தனியே நீரில் கரைத்து, அக்கரைசலைத் தவளையின் இதயத்திற்குள் செலுத்தினார். துடிப்பு வலுக்கிறதா, தளர்கிறதா என்று கருவியின் துணையால் பதிவு செய்தார்.

முதலில் அவர் சோடியம் குளோரைடு என்னும் சமையல் உப்பைக் கரைத்துப் பயன்படுத்தினார். இதயம் நன்கு துடித்தது. அதனுடன் சிறிதளவு பொட்டாசியம் உப்பைச் சேர்த்தபோதும் துடிப்பு சீராகவே இருந்தது. இம்முடிவுகளை அவர் 1882-இல் உடலியங்கியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார். படித்தவர்கள் அதை ஏற்றுக்கொண்டனர். வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது போலவே தோன்றியது.

குழாய்நீர் காட்டிய உண்மை

சிறிது காலம் சென்றபின் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. அதே உப்பு, அதே அளவு, அதே கருவி. ஆனால் புதிதாகச் செய்த கரைசலில் இதயத்தின் துடிப்பு விரைவிலேயே தளர்ந்து நின்றுபோயிற்று. முன்பு துடித்தது; இப்போது துடிக்கவில்லை. வேறுபாடு எங்கே நுழைந்தது?

மற்றொருவராயின் அந்தத் தவளையின் இதயம் நலிவுற்றது என்று கருதி ஒதுக்கியிருக்கலாம். ரிங்கர் அப்படிச் செய்யவில்லை. கரைசல் செய்த முறையைத் தொடக்கத்திலிருந்து ஆராய்ந்தார். உப்பில் மாற்றம் இல்லை. அளவிலும் மாற்றம் இல்லை. எஞ்சியது நீர் ஒன்றுதான். இரண்டாவது கரைசல் காய்ச்சி வடித்த தூய நீரில் செய்யப்பட்டது. முதல் கரைசலோ சாதாரணக் குழாய்நீரில் செய்யப்பட்டிருந்தது. உப்பைத்தான் கரைக்கப் போகிறோம், நீரை எதற்காகக் காய்ச்சி வடிக்க வேண்டும் என்று எண்ணி ஆய்வுக்கூட உதவியாளர் குழாய்நீரைப் பயன்படுத்திவிட்டார் என்று பிற்காலத்து அறிஞர்கள் கூறுவர்.

அந்தக் குழாய்நீர் எங்கிருந்து வந்தது என்பதும் அறியத்தக்கது. இலண்டனுக்கு வடக்கே சுண்ணப்பாறை நிலத்தில் பெருகும் ஊற்றுகளிலிருந்து நகருக்கு நீர் கொண்டுவருவதற்காக 1613-இல் ஒரு கால்வாய் வெட்டி முடிக்கப்பட்டது. அதன் பெயர் நியூ ரிவர் என்பதாகும். ஆய்வுக்கூடத்தின் குழாயில் வந்தது அக்கால்வாயை நடத்திய நிறுவனம் வழங்கிய நீர். சுண்ணப்பாறையின் இடுக்குகளில் ஊறி வரும் நீர் அப்பாறையைச் சிறிது சிறிதாகக் கரைத்து எடுத்து வரும். அந்நீரில் பத்து இலட்சம் பங்கிற்கு ஏறத்தாழ 38 பங்கு கால்சியம் இருந்தது. அதாவது, பதினைந்து லிட்டர் கொள்ளும் ஒரு குடம் நீரில் அரை கிராமுக்குச் சற்று மிகுதியான கால்சியம். நாவுக்குத் தெரியாத அந்த அளவே இதயத்தைத் துடிக்க வைத்திருந்தது.

ரிங்கர் இதனைச் சோதித்து உறுதி செய்தார். காய்ச்சி வடித்த நீரில் செய்த உப்புக் கரைசலில் தளர்ந்து நின்ற இதயத்திற்குச் சிறிதளவு கால்சியம் உப்பைச் சேர்த்தார். நின்ற துடிப்பு மீண்டது.

இப்போது அவர்முன் இரண்டு வழிகள் இருந்தன. முதற்கட்டுரையைப் பற்றி எதுவும் சொல்லாமல் புதிய கண்டுபிடிப்பை மட்டும் வெளியிடலாம். அல்லது, முன்பு எழுதியது பிழையான நீரால் வந்த முடிவு என்று வெளிப்படையாகச் சொல்லலாம். அவர் அப்போது பெயர்பெற்ற பேராசிரியர்; அவருடைய நூலை நாடெங்கும் மருத்துவர்கள் படித்து வந்தனர். இருந்தும், அவர் இரண்டாவது வழியையே தேர்ந்தார். 1883-இல் அதே ஆய்விதழில் எழுதிய கட்டுரையில், முன்பு பயன்படுத்திய கரைசல் குழாய்நீரில் செய்யப்பட்டது என்பதையும், ஆகவே சோடியம் உப்புக்குரியதாகத் தாம் கூறியவற்றுள் சில உண்மையில் அந்நீரில் இருந்த கால்சியத்தின் விளைவே என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். உதவியாளர் மீது பழி சுமத்தவில்லை. அவருடைய இந்த நேர்மையே உலகிற்கு ஒரு பேருண்மையைத் தந்தது.

அளவே மருந்து

கால்சியம் நல்லது என்றால் அதை நிறையச் சேர்த்தால் இன்னும் நல்லதன்றோ? ரிங்கர் அதையும் சோதித்தார். கால்சியம் மிகுந்தபோது இதயம் வலுவாகச் சுருங்கியது. ஆனால் சுருங்கியபின் எளிதில் விரியவில்லை. சுருங்குவதும் விரிவதும் மாறி மாறி நிகழ்ந்தால்தான் அது துடிப்பு. விரியாத இதயத்தால் குருதியை ஏற்க இயலாது. அந்நிலையில் சிறிதளவு பொட்டாசியம் உப்பைச் சேர்த்தால் இதயம் மீண்டும் சீராக விரிந்து சுருங்கியது. பொட்டாசியம் மட்டும் மிகுந்தாலோ துடிப்பு அடங்கிப் போயிற்று.

ஒன்றை ஒன்று சமன் செய்யும் இந்த உறவை அவர் தெளிவாக விளக்கினார். சோடியம், பொட்டாசியம், கால்சியம் ஆகியவற்றின் உப்புகளை உரிய அளவில் கலந்து ஒரு கரைசலை உருவாக்கினார். அதில் தவளையின் இதயம் பல மணி நேரம் துடித்தது. அதுவே 'ரிங்கர் கரைசல்' என்று பெயர் பெற்றது. பின்வந்த அறிஞர்கள் அதனைப் பாலூட்டிகளின் உறுப்புகளுக்கு ஏற்றவாறு மாற்றி அமைத்தனர். 1930-களில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஆர்ட்மன் அதனுடன் லாக்டேட் என்னும் பொருளைச் சேர்த்தார். இன்று நம் நாட்டு மருத்துவமனைகளில் தொங்கும் 'ரிங்கர் லாக்டேட்' அவ்வழியே வந்ததாகும்.

ரிங்கர் இதயத்தோடு நின்றுவிடவில்லை. மீன்களைக் காய்ச்சி வடித்த நீரில் விட்டபோது அவை விரைவில் மடிந்தன. குழாய்நீரில் விட்ட மீன்கள் உயிரோடு இருந்தன. தவளையின் முட்டைகளும் தலைப்பிரட்டைகளும் வளர்வதற்குக் கால்சியம் உதவுவதையும் ஆராய்ந்தார். உயிர்களுக்குத் தூய நீர் வேண்டும் என்கிறோம். ஆனால், எதுவுமே கரையாத நீர் உயிர்களுக்கு ஏற்றதன்று என்பதை அவருடைய ஆய்வுகள் காட்டின.

கால்சியம் செய்யும் வேலை

ரிங்கர் கண்டது விளைவை. அதன் காரணத்தை அறிய மேலும் பல பத்தாண்டுகள் ஆயின.

நீரில் கரைந்த கால்சியம், மின்னேற்றம் பெற்ற அயனியாக இருக்கிறது. நம் உடலின் ஒவ்வொரு செல்லும் கால்சியம் அயனிகளை இடைவிடாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அதனால் செல்லுக்கு வெளியே உள்ள கால்சியத்தின் செறிவு, உள்ளே இருப்பதைப் போல் ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு. அணைக்கட்டில் தேங்கிய நீர் மதகு திறந்ததும் பாய்வதுபோல, செல்லின் நுண்வாயில்கள் திறந்ததும் கால்சியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. அவ்வாறு நுழைந்த அயனிகள், இதயத் தசைச் செல்லினுள் சேமித்து வைக்கப்பட்டுள்ள கால்சியத்தையும் விடுவிக்கின்றன. அந்த அயனிகள் தசையில் உள்ள ஒரு புரதத்துடன் இணைந்ததும் தசை சுருங்குகிறது. அப்புரதத்தைச் சப்பானிய அறிஞர் செத்சுரோ எபாசி 1960-களில் கண்டறிந்தார். பின்னர் கால்சியம் வெளியேற்றப்பட, தசை தளர்கிறது. நிமிடத்திற்கு 72 முறை என்று கொண்டால், ஒரு நாளில் நம் இதயம் இவ்வேலையை ஒரு இலட்சம் முறைக்கு மேல் செய்கிறது.

செல்கள் கால்சியத்தை ஏன் வெளியே தள்ளுகின்றன? செல்லுக்குள் ஆற்றலைப் பரிமாறப் பாசுபேட்டு என்னும் பொருள் பயன்படுகிறது. கால்சியமும் பாசுபேட்டும் மிகுதியாகச் சேர்ந்தால் கல்போன்ற திண்மம் உண்டாகிவிடும். செல்லுக்குள் அவ்வாறு நேர்ந்தால் கேடு. ஆனால் செல்லுக்கு வெளியே, உரிய இடத்தில், அதே சேர்க்கை நமக்கு எலும்பையும் பல்லையும் தருகிறது. வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கால்சியம் உள்ளது. அதில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் தங்கியுள்ளது. எஞ்சிய சிறு பகுதியே இதயத்தையும் தசைகளையும் நரம்புகளையும் இயக்குகிறது.

இவ்வுண்மைகளை இன்று பொருளியல்பு ஆய்வாளர்களும் பயன்படுத்துகின்றனர். எலும்பில் உள்ள கால்சியம் பாசுபேட்டைப் போன்ற பொருளை உருவாக்கி, உடைந்த எலும்பின் இடைவெளியை நிரப்புகின்றனர். உடலுக்குள் பொருத்தும் உலோக உறுப்புகளின்மேல் அதனைப் பூசினால் எலும்பு அவற்றோடு நன்கு பிணைகிறது. பழுப்பு நிறக் கடற்பாசிகளில் ஆல்சினேட்டு என்னும் பொருள் உள்ளது. அதன் கரைசலில் கால்சியம் அயனிகள் சேர்ந்ததும், அவை நீண்ட இழைகளைக் கொக்கிபோல் ஒன்றோடொன்று பிணைக்கின்றன. நீர்மம் கூழ்மமாக உறைகிறது. இக்கூழ்மம் புண்களுக்கு இடும் கட்டுகளுக்கும், ஆய்வுக்கூடத்தில் செல்களை வளர்க்கும் மென்மையான படுக்கைகளுக்கும் பயன்படுகிறது.

இறுதிக் காலம்

ரிங்கரின் பணியைப் பாராட்டி இலண்டன் அரசக் கழகம் 1885-இல் அவரைத் தன் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. பெருமைகள் வந்தபோதும் அவர் ஆரவாரம் இன்றியே வாழ்ந்தார்.

அவருடைய இல்லத்தில் ஆறாத துயரம் ஒன்றும் இருந்தது. அவருடைய மகள்களுள் ஒருத்தி சிறு வயதிலேயே இறந்துவிட்டாள். எத்தனையோ நோயாளிகளுக்கு நலம் தேடித் தந்த மருத்துவரால் தம் குழந்தையைக் காக்க முடியவில்லை. யார்க்சயர் பகுதியில் இலாசிடிங்கம் என்னும் சிற்றூரில் மிகப் பழைமையான தேவாலயம் ஒன்று உள்ளது. அதனைத் தம் மகளின் நினைவாகப் பொருள் கொடுத்துப் புதுப்பித்தார். 1900-இல் ஓய்வு பெற்றபின் அவ்வூரிலேயே சென்று வாழ்ந்தார். 1910-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் அங்கு இயற்கை எய்தினார். அத்தேவாலயத்தை ஒட்டிய நிலத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

ரிங்கர் பெயர் இன்றும் வாழ்கிறது. விபத்தில் குருதி இழந்தோரும் அறுவை மருத்துவம் செய்துகொண்டோரும் அவர் பெயர் தாங்கிய நீர்மத்தால் உடல் தேறுகின்றனர். தாம் எழுதியதைத் தாமே திருத்த அவர் தயங்கியிருந்தால், அந்தச் சிறிதளவு சுண்ணாம்பின் அருமை இன்னும் பல காலம் மறைந்தே இருந்திருக்கும்.

அருஞ்சொற்பொருள்

குருதி – இரத்தம்
நீர்மம் – திரவம்
திண்மம் – கெட்டியான பொருள்
அயனி – மின்னேற்றம் பெற்ற அணு அல்லது அணுக்களின் தொகுதி
செறிவு – கரைந்துள்ள பொருளின் அடர்த்தி
மதகு – அணையிலிருந்து நீரைத் திறந்துவிடும் வாயில்
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கு, சதவீதம்
இயற்கை எய்தினார் – இறந்தார்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. தவளையின் இதயம் உடலிலிருந்து பிரித்த பின்னும் துடிப்பது ஏன்?
2. இலண்டன் குழாய்நீரில் கால்சியம் எவ்வாறு சேர்ந்தது?
3. கால்சியம் மிகுந்தால் இதயத்திற்கு என்ன நேர்கிறது?

ஆ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. முதல் கரைசலுக்கும் இரண்டாவது கரைசலுக்கும் இருந்த வேறுபாட்டை ரிங்கர் எவ்வாறு கண்டறிந்தார்?
2. 1883-ஆம் ஆண்டுக் கட்டுரையில் வெளிப்படும் ரிங்கரின் பண்பை விளக்குக.

இ. பிரித்து எழுதுக.
கட்டிலருகே, பேருண்மை, சிற்றூர், மின்னேற்றம்

ஈ. செய்து பார்க்க.
இரண்டு கண்ணாடித் தட்டுகளை எடுத்துக்கொள்க. ஒன்றில் உங்கள் வீட்டுக் குழாய்நீரில் ஐந்து கரண்டியும், மற்றொன்றில் காய்ச்சி வடித்த நீரில் ஐந்து கரண்டியும் ஊற்றி வெயிலில் வைக்க. நீர் முழுவதும் வற்றியபின் எந்தத் தட்டில் வெண்ணிறப் படிவு மிகுதியாக உள்ளது என்று உற்று நோக்குக. உங்கள் ஊரின் நீர் ஆற்றிலிருந்து வருகிறதா, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறதா என்று வீட்டுப் பெரியோரிடம் கேட்டறிந்து, கண்டவற்றைத் தமிழில் ஐந்து தொடர்களில் எழுதுக.